குச்சி ஒடித்த வார்த்தை

குழந்தைசாமியைக் கீழே ராசிபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவானபோது, அவன் மனைவி அத்தாயி கேட்ட முதல் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பாறைவளவு ஊரே சிரித்தது.

“அப்ப அந்தப் பூனைங்களுக்கு ஆரு கஞ்சி ஊத்தறது?”

கேட்டது மாதேஸ்வரனிடம். அவன் குழந்தைசாமிக்குச் சித்தப்பன் மகன். டோலி கட்டுவதற்கு மூங்கில் வெட்டி வந்து வாசலில் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“ஏனுங்க அண்ணி, அண்ணனுக்குக் கால் போகுமா உசுரு போகுமான்னு கெடக்குது. நீங்க பூனையக் கேக்கறீங்க.”

“காலுக்கு ஆள் இருக்குது. நீ இருக்கற. தூக்கறதுக்கு இன்னும் மூணு பேரு வாரேன்னுட்டாங்க. கீழ டாக்டரு இருக்காரு. பூனைக்கு ஆரு இருக்கறா? அதத்தான் கேட்டேன்.”

உள்ளே கம்பளிக்குள் கிடந்த குழந்தைசாமி சிரித்தான். சிரிப்பு காலுக்குப் போய் வலியாகத் திரும்பியது. “அவ கேக்கறது ஞாயந்தான்டா மாதேசா,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

கார்த்திகைக் கடைசியில் சாமை அறுக்கும்போது பட்ட வெட்டு அது. கணுக்காலுக்கு மேலே, விரல்நீளம்கூட இருக்காது. பச்சிலையைக் கசக்கிப் பிழிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தை அறுத்து முடித்தான். கதிரடித்து, காற்றில் தூற்றி, குதிரில் கொட்டி, வாய்க்குச் சாணி மெழுகும்வரை நடந்துகொண்டுதான் இருந்தான். அதற்குப் பிறகு கால் வீங்க ஆரம்பித்தது. மார்கழிப் பனியில் வீடு முழுக்கக் கதவடைத்துக் கிடந்ததால், அடுப்பில் களி வேகும் வாசனையையும் மீறிப் புண்ணின் வாடை அடித்தது. வீக்கம் முழங்காலைத் தாண்டியதும் ஊரில் மருந்தரைத்துக் கட்டிய வைத்தியரே கையை விரித்துவிட்டார்.

ஜப்பான்காரன் எந்த நேரமும் மதராஸில் குண்டு போடுவான் என்று சந்தைகளில் பேசிக்கொண்ட காலம் அது. மண்ணெண்ணெய் கண்ணில் படாது. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. ஊர் இருந்த திருப்புலி நாட்டில் இருந்து பேளுக்குறிச்சிக்கு இறங்க வேண்டுமானால் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதைதான். அங்கிருந்து கரியில் ஓடும் பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் மாட்டுவண்டி. போனால் கால் ஆறித் திரும்பும்வரை அத்தாயி கீழேயே இருக்க வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பூட்டினால் பூட்டியதுதான்.

பூனைகள் அத்தாயி வளர்த்தவை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மூங்கில்வளவில் காய்ச்சல் விழுந்தது. குளிரில் உடம்பு தூக்கிப் போடும், பிறகு கொதிக்கும், பிறகு ஆள் இருக்க மாட்டான். பிழைத்தவர்கள் சட்டிபானையோடு மலையின் வேறு வேறு நாட்டு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கூரைகள் ஒரே மழைக்காலத்தில் சரிந்தன. அந்த மழை விட்ட ஒரு காலையில், ஈரமும் எலும்புமாக ஒரு பூனை அத்தாயியின் வாசலில் நின்றது. அவள் கூழ்ச்சட்டியைக் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் மூன்று நின்றன. அப்புறம் ஏழோ எட்டோ. எண்ணிப் பார்க்க அவை ஒருநாளும் சேர்ந்தாற்போல நின்றதில்லை.

காய்ச்சலூர்ப் பூனை என்று மற்ற வீடுகளில் விறகுக்கட்டையால் எறிந்தார்கள். அத்தாயி மட்டும் காலையும் மாலையும் ஓட்டை விழுந்த இரும்புச் சட்டி ஒன்றைக் கல்லில் மூன்று தட்டுத் தட்டுவாள். கேழ்வரகுக் கூழைக் கரைத்து, பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய கருவாட்டுத் தலையை நசுக்கிப் போட்டுப் பாறைக்குழியில் ஊற்றுவாள். பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் தன்னுடையது என்று ஆகிவிடும் என்று நினைத்தாள். குழந்தைசாமிதான் காது கிழிந்த கடுவன் ஒன்றுக்குத் தாசில்தார் என்று பேர் வைத்திருந்தான். வரும், தின்னும், யாரையும் பார்க்காமல் போகும் என்பது அவன் சொன்ன காரணம்.

அன்று மதியம் அவள் வீடுவீடாகப் போனாள். முதல் வீட்டில் பொன்னாயி கைக்குழந்தையை இடுப்பில் இடம் மாற்றிக்கொண்டு, “எங்கூட்டுல பச்சப்புள்ள இருக்குதுங்க அக்கா. வேற என்ன வேலைன்னாலும் சொல்லுங்க, குனிஞ்ச தலை நிமிராமச் செய்யறேன். அந்தச் சனியன்கிட்ட மட்டும் என்னய உடாதீங்க,” என்றாள். அடுத்த வீட்டில் கண்ணாயி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தவள், பாதி கேட்டதுமே தலையாட்டினாள். ஊற்றுகிறேன், அதற்கென்ன, சட்டியைக் கொடு என்றாள். அத்தாயி சட்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்து டோலிக்குக் கயிறு திரித்தாள். கயிறு முடிவதற்குள் கண்ணாயியே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“கவுண்டர் கூப்புட்டுச் சொல்லிட்டாருங்க அக்கா. நான் என்ன பண்றது?”

“என்ன சொன்னாரு?”

“அவரே வாராருங்க. பின்னாடிதான் வாராரு.”

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி நெட்டையான மனிதர். வாசல்படலுக்குக் குனிந்து உள்ளே வந்து, குழந்தைசாமியின் காலைப் போர்வை விலக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. மூங்கில்வளவில் பிணத்தை எடுக்க ஆளில்லாதபோது அவர்தான் போனார். அவருடைய தங்கையையும் தங்கை புருஷனையும் அவர் கையாலேயே புதைத்தார். அதிலிருந்து அவர் பள்ளத்தின் அந்தப் பக்கம் பார்த்து நிற்பதே இல்லை. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

“காலையில நேரமாக் கெளம்பீருங்க,” என்றார். “ஆஸ்பத்திரி மருந்தும் நம்ம மருந்தும் சண்டை போடாது. தைரியமாப் போயிட்டு வா சாமி.”

“சரிங்க மாமா.”

பிறகு அவர் அத்தாயியின் பக்கம் திரும்பினார். “நீ வர்றதுக்குள்ள அந்தப் பூனைங்களுக்கு ஒரு வழி பண்ணிருவோம் புள்ள. சாக்குல புடிச்சுப் போட்டுப் பள்ளத்துப் பக்கம் உட்டுருவாங்க.”

“உடறதுன்னா எப்படிங்க மாமா? சாக்க அவுத்து உடறதுங்களா?”

பள்ளத்தில் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, அதுங்க ஒண்ணுஞ் செய்யலைங்க. வந்து நின்னுச்சு, ஊத்தினேன். நாளைக்கும் வந்து நிக்கும்.”

“சீக்கு ஊர்ல இருந்து வந்தது புள்ள. உம் புருஷன் காலப் பாரு.”

“அவுருக்கு அருவா வெட்டுங்க. பூனை வெட்டலைங்க.”

உள்ளே குழந்தைசாமி மறுபடியும் சிரித்துவிட்டு முனகினான். கவுண்டர் எழுந்தார். “நான் சொல்றதச் சொல்லிட்டேன்,” என்று குனிந்து வெளியே போனார். கண்ணாயி சட்டியை அம்மிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

அத்தாயி கேட்காமல் விட்ட வீடு ஒன்றுதான். அது பக்கத்து வீடு.

அவள் வீட்டுக்கும் ராமாயி வீட்டுக்கும் நடுவில் அகலமான பாறை ஒன்று. அதில் இரண்டு உரல்குழிகள். சாமை குத்த இருவரும் அங்கேதான் வந்தாக வேண்டும். ஆவணியில் இருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ராமாயியின் செவலைப் பெட்டைக்கோழியை ஒரு பூனை பிடித்துவிட்டது. ராமாயி ஊரைக் கூட்டினாள். கோழிக்குக் கோழி ஈடு வேண்டும் என்றாள். பூனை என்னுடையது என்றால்தானே நான் கொடுக்க என்றாள் அத்தாயி. அவள் தாராளமாகக் கொடுத்திருப்பாள், ஆனால் கொடுத்தால் பூனைகள் அத்தனையும் அவள் தலையில் ஏறும், அப்புறம் ஊரில் எது காணாமல் போனாலும் அவள் வாசலுக்கு வரும். கவுண்டர் இரண்டு பக்கமும் கேட்டு, அந்தப் பூனைகள் யாருக்கும் சொந்தமில்லை, ஈடும் இல்லை என்று சொல்லி, பலாமரத்தில் இருந்து குச்சி ஒன்றைக் கிள்ளி ஒடித்துப் போட்டார். குச்சி ஒடித்த வார்த்தையை அந்த மலையில் யாரும் மாற்ற முடியாது. ஒடித்தவர்கூட. அன்றே ராமாயி, இனி இவளிடம் பேசினால் என் நாக்கு என்னுடையதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

ஆனால் ராமாயியால் பேசாமல் இருக்க முடியாது. அதனால் உலக்கையிடம் பேசினாள்.

அன்று சாயங்காலம் அத்தாயி வழிக்குச் சாமை குத்திக்கொண்டிருந்தபோது ராமாயி தன் முறத்தோடு வந்தாள். குழியில் தானியத்தைக் கொட்டி, உலக்கையைத் தூக்கி நாலு குத்துக் குத்திவிட்டு ஆரம்பித்தாள்.

“ஏ ஒலக்கை, கேட்டியா சேதி. புருஷன டோலியில தூக்கிட்டுப் போறவ, ஊடு ஊடாப் போயிப் பூனைக்குப் பந்தி கேட்டாளாம்.”

அத்தாயி தன் உலக்கையைப் பார்த்துச் சொன்னாள். “நாம எல்லா ஊட்டுக்கும் போகலையே ஒலக்கை. பக்கத்துப் படியில காலு வைக்கலையே.”

“அதத்தான் நானுங் கேக்கறேன். ஊரெல்லாம் கேட்டுட்டு ஒரு ஊட்ட மட்டும் உட்டா, அந்த ஊட்டுக்காரி செத்தா போயிட்டா?”

“அவ இன்னும் கோழிக்கு அழுதுக்கிட்டு இருக்கறா. அவகிட்டப் போயிப் பூனைக்குக் கஞ்சி கேட்டா, ஒலக்கை பேசாது. பறந்து வரும்.”

“வரும்தான்,” என்றாள் ராமாயி. உலக்கையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். “கோழின்னா கோழியா அது. செவலைப் பெட்டை. அடைக்கு உட்டா ஒரு முட்டை கூமுட்டையாப் போகாது. இப்பவும் காலையில எந்திரிச்சா என் கை கூடையத் தூக்குது. கீழ வெறுந் தரை.”

அத்தாயி குத்திக்கொண்டே இருந்தாள். உமி பறந்து இருவர் முந்தானையிலும் படிந்தது. பனி பள்ளத்தில் இருந்து ஏறிக்கொண்டிருந்தது. தாசில்தார் எங்கிருந்தோ வந்து, பாறையின் ஓரத்தில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவரையும் பார்க்காமல் தன் முதுகை நக்கியது.

“ஏ ஒலக்கை,” என்றாள் அத்தாயி கடைசியில். “பூனைங்க வர்றதுக்கு முந்திப் பக்கத்து ஊட்டுக் குதிர்ல எலி புகுந்து வெதைச் சாமையில பாதியத் தின்னுச்சு. இந்த வருஷம் தின்னுச்சான்னு கேளு.”

ராமாயியின் உலக்கை நின்றது. “இந்த வருஷம் என் குதிர்ல எலிப் புழுக்கை ஒண்ணு இல்ல. நான் இல்லைன்னா சொன்னேன்? அதனால கோழி எந்திரிச்சு வந்துருமா?”

“வராது.”

“வராதில்ல. அப்பறம் பேச்சென்ன.” அவள் குத்திய அரிசியை முறத்தில் வாரினாள். புடைத்தாள். உமியை ஊதினாள். எழுந்து நின்று, போகிறவள் போகாமல், உலக்கையின் பூணைக் கட்டைவிரலால் துடைத்தாள். “அந்தக் கவுண்டர் குச்சி ஒடிச்சு என் வாய அடைச்சாரு ஒலக்கை. கோழிக்கு ஒடிச்ச குச்சி பூனைக்கும் ஒடிச்ச குச்சியா இருக்கோணும். பாப்போம்.”

அவள் என்ன சொன்னாள் என்று அத்தாயிக்கு அப்போது விளங்கவில்லை. திட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

காலையில் டோலி கிளம்பியது. மலையில் இருந்து யாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாலும் பலாமரத்தடியில் ஒரு நிமிஷம் இறக்கி வைக்க வேண்டும். கவுண்டர் அறப்பளீஸ்வரன் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசி அனுப்புவார். அதற்காக ஊர் கூடியிருந்தது. பெண்கள் கம்பளிக்குள் கையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். பேசும்போது வாயில் புகை வந்தது. மரத்தின் அந்தப் பக்கம் கோணிச்சாக்கு இரண்டு மடித்துக் கிடந்ததை அத்தாயி பார்த்தாள்.

அவள் தலையில் இருந்த மூட்டையை இறக்கினாள். டோலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏம் புள்ள, என்னாச்சு?” என்றார் கவுண்டர்.

“ஒண்ணும் ஆகலைங்க மாமா. பூனைக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்பறம் டோலி நகரும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாதேஸ்வரன் பதறிப்போனான். “அண்ணி, வெயில் வந்துட்டா அண்ணனுக்குத் தாங்காதுங்க.”

“எறக்கி வைடா மாதேசா,” என்றான் குழந்தைசாமி.

“அண்ணா.”

“எறக்கி வைன்னேன். அழுகறது என் காலு. நான் பொறுத்துக்கறேன்.”

டோலி இறங்கியது. அவன் முகம் மஞ்சளாக இருந்தது, உதடு காய்ந்திருந்தது. அத்தாயி அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் எழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

கவுண்டரின் குரல் உயர்ந்தது. “ஒரு பொம்பளை, கட்டின புருஷன டோலியில போட்டுட்டுப் பூனைக்கு ஞாயம் பேசறா. கேட்டுக்கங்க எல்லாரும்.”

“கேக்கட்டுங்க மாமா. மூங்கில்வளவுல காய்ச்சல்னதும் ஊரு பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிச்சு. கஞ்சி கொண்டுபோனது நீங்களும் நானுந்தான். உசுரோட மிச்சமாகி நம்ம பக்கம் வந்தது இதுங்க மட்டுந்தானுங்க. அதையும் சாக்குல கட்டிப் போடறதுன்னா, நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

சிரிப்பு நின்றது. கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேர் வச்சு வளக்கறாங்க, பாருங்க,” என்றார் கூட்டத்தில் ஒருவர். “கடுவனுக்குத் தாசில்தார்னு பேராமா.”

“பேர் சொன்னாச் சொந்தமா?” டோலிக்குள் இருந்து குழந்தைசாமி கேட்டான். “அந்தத் தாசில்தாரையுந்தான் தாசில்தார்ங்கறோம். அவரு நமக்கு ஒறம்பரையா?”

நாலு பேர் சிரித்துவிட்டு, கவுண்டரைப் பார்த்ததும் வாயை மூடினார்கள். கவுண்டருக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அவர் அண்ணாந்து பலாமரத்தில் இருந்து குச்சி ஒன்றைக் கிள்ளினார். இரண்டு கையாலும் பிடித்தார்.

“இந்த ஊட்டுப் பூனைக்கு எவரு கஞ்சி ஊத்தினாலும், அந்த ஊட்டுக்கு இனிமே ஊர்ல நீரும் இல்ல, நெருப்பும் இல்ல. இது...”

“கவுண்டரே, குச்சிய ஒடிக்காதீங்க. சித்தப் பொறுங்க.”

ராமாயி கம்பளியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். வழிவிட்டவர்கள் அவள் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வழிவிட்டார்கள்.

“எந்த ஊட்டுப் பூனைன்னு சொன்னீங்க?”

“உனக்குத் தெரியாதா? இவ ஊட்டுப் பூனை.”

“அப்ப இவ பூனைதான். சரி. நல்லது. அப்ப எம்பட கோழிக்கு ஈடு வாங்கிக் குடுங்க. இப்பவே. மூட்டையில வழிக்குச் சாமை வச்சிருக்கறா, அதுல அளந்து வாங்கினாலும் சரி.”

கவுண்டர் அவளை முறைத்தார். “அது முடிஞ்சுபோன ஞாயம்.”

“எப்படி முடிஞ்சுது? பூனை யாருக்கும் சொந்தமில்லைன்னு நீங்க சொல்லி முடிஞ்சுது. இதே மரம். இதே எடம். குச்சி ஒடிச்சு என் காலடியில போட்டீங்க. நான் வாயப் பொத்திக்கிட்டு ஊட்டுக்குப் போனேன். இன்னிக்கு வந்து இவ ஊட்டுப் பூனைங்கறீங்க. ஆவணியில சொந்தமில்ல, மார்கழியில சொந்தமா? நடுவுல கலியாணம் காச்சி ஏதாச்சும் பண்ணி வச்சீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டதில் ஒருவருக்கு இருமல் வந்தது.

“சொந்தமில்லாட்டி என்ன? சொந்தமில்லாத பூனைக்கும் ஊத்தக் கூடாது,” என்றார் கவுண்டர்.

“சொந்தமில்லாத பொருளுக்கு ஊர் எப்படிங்க கட்டுப்பாடு போடும்? காட்டுல மழை பேயக் கூடாதுன்னு குச்சி ஒடிப்பீங்களா? ஒடிச்சுப் பாருங்க.” ராமாயி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். “இல்ல, சொந்தம் பாத்தே தீருவேன்னா அதையும் பாப்போம். இதுங்க வந்த எடம் மூங்கில்வளவு. அந்த வெள்ளைக்கால் பூனை ஆரு ஊட்டுல கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்த ஊட்டுல இப்ப ஆள் இல்ல. ஆள் இல்லாத ஊட்டுப் பொருள் கூடப் பொறந்தவனுக்கு. அந்த ஊட்டுக்காரிக்குக் கூடப் பொறந்தவன் ஆருங்க? அப்ப எம்பட கோழிய நீங்கதான குடுக்கோணும்?”

பனித்துளி பலா இலையில் இருந்து சொட்டுவது கேட்டது. வெள்ளைக்கால் பூனை அந்த நேரத்தில் அங்கே இல்லை. ஆனால் கவுண்டர் அது நிற்பதைப் போல, யார் காலடியையோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தாயி எழுந்துவிட்டாள். ராமாயி அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாவிட்டால் சாக்கு நிறைந்திருக்கும் என்பதும் தோன்றியது.

கவுண்டரின் கையில் குச்சி ஒடியாமல் இருந்தது. வெகுநேரம் இருந்தது. பிறகு அவர் அதை ஒடிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார்.

“அது என் கூடப் பொறந்தது. நாப்பது வருஷம் கூட இருந்தது,” என்றார் யாரிடமும் என்றில்லாமல். அவர் பூனையைச் சொல்லவில்லை.

“ஆமாங்க மாமா,” என்றாள் அத்தாயி மெதுவாக.

அவர் திருநீற்றுத் தட்டை எடுத்தார். குழந்தைசாமியின் நெற்றியில் பட்டையாகப் பூசினார். “காலோட திரும்பி வா சாமி,” என்றார். பிறகு மரத்தின் அந்தப் பக்கம் போய், மடித்துக் கிடந்த சாக்குகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். ஊற்றலாம் என்றும் சொல்லவில்லை. ஊற்றக் கூடாது என்றும் சொல்லவில்லை.

“எடுங்கப்பா,” என்றான் மாதேஸ்வரன்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் அத்தாயி.

வீட்டுக்கு ஓடினாள். ஓட்டை இரும்புச் சட்டியையும் கருவாட்டு முடிச்சையும் எடுத்து வந்து உரல்பாறையின் மேல் வைத்தாள். ராமாயியும் வந்து தன் குழிக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“ஏ ஒலக்கை,” என்றாள் அத்தாயி. உலக்கை அங்கே இல்லை. அது ராமாயி வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. “மூணு தட்டு. தட்டிட்டுத் தள்ளி நின்னுக்கோணும். ஆளு நின்னா சின்னதுங்க வராது. கூழு சூடா ஊத்தக் கூடாது. கருவாட்டுத் தலைய நசுக்கிப் போடோணும், முள்ளு தொண்டையில சிக்கிக்கும்.”

“ஒலக்கைக்குக் கூழ் ஊத்தத் தெரியாதாக்கும். சோறு வடிக்கவும் சொல்லிக் குடுக்கச் சொல்லு.”

“கஞ்சிக்கு ராகி குதிர்க்குப் பக்கத்துல பானையில இருக்குது. படல் கட்டல. சாத்தித்தான் வச்சிருக்கறேன்.”

“ஆரோட ராகியும் எனக்கு வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாத பூனைக்கு ஆரோட ராகி வேண்டிக் கெடக்குது.” ராமாயி கருவாட்டு முடிச்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “இந்த நாத்தத்த வாங்கத்தான் சந்தைக்குப் போனாளாக்கும். கோழிக் கணக்கு அப்படியேதான் இருக்குதுன்னு சொல்லு ஒலக்கை. வந்ததும் பேசிக்குவோம்.”

“வந்ததும் ஒரு செவலைப் பெட்டை கொண்டாரேன்னு சொல்லு. ஈடுன்னு இல்ல. சும்மா.”

ராமாயி கருவாட்டு முடிச்சைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டாள். அத்தாயி அவள் கையைத் தொடவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு டோலிக்குப் பின்னால் நடந்தாள்.

பாதை ஊரைவிட்டு இறங்கியதும் பனி அடர்ந்தது. முன்னால் போகிறவர்களின் முதுகுகூடத் தெரியவில்லை. கல்லில் கால் வைக்கும் சத்தமும், மூங்கில் முனகும் சத்தமும், நாலு பேரின் மூச்சும் மட்டும் கேட்டன. குழந்தைசாமி கண்ணை மூடியிருந்தான். அத்தாயி அவன் காலை மூடிய கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். முதல் வளைவு திரும்பியதும் மேலே ஏதோ சத்தம். அவள் நின்றாள். அவள் நின்றதும் எல்லோரும் நின்றார்கள்.

சட்டிதான். மூன்று தட்டோடு நிற்கவில்லை. கல்லில் சட்டியைப் போட்டு அடி அடியென்று அடிப்பது மலைச்சரிவு முழுக்க எதிரொலித்தது. அந்தப் பாறையில் இருந்து அடித்தால் கவுண்டர் வீட்டு அடுப்படிவரை கேட்கும். பிறகு சத்தம் நின்றது. ராமாயியின் குரல் வந்தது. ஊரைக் கூட்டுகிற குரல்.

“யாருக்கும் சொந்தமில்லாத பூனைங்களா, வாங்க. எல்லாரும் வாங்க. தாசில்தாரே, உங்களையுந்தான்.”

குழந்தைசாமியின் உடம்பு சிரிப்பில் குலுங்கியது. வலித்திருக்க வேண்டும். இந்தத் தடவை அவன் முனகவில்லை. மறுபடியும் சட்டி ஆரம்பித்தது.

“அண்ணி, இந்த அடி அடிச்சாச் சட்டி ஓட்டையாயிருமாட்ட இருக்குதுங்க,” என்றான் மாதேஸ்வரன்.

“ஏற்கனவே ஓட்டைதான்,” என்றாள் அத்தாயி. “நட.”